அச்சமும் வீரமும்: நூர் இனாயத் கான் வாழ்வு தரும் படிப்பினை

 



இந்த வாரம் உங்கள் சிந்தனைக்கு ஒரு கேள்வியை வைக்கிறேன். வீரன் என்பவன் யார்? பயமே இல்லாதவனா, அல்லது பயம் இருந்தும் செய்ய வேண்டியதைச் செய்பவனா?

நம் ஊரில் ஒரு பையன் இருட்டுக்குப் பயந்தால் என்ன சொல்கிறோம்? ஆம்பளைப் பையன் பயப்படலாமா என்று கேட்கிறோம். பெண் பிள்ளை பயந்தால், அது அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுகிறோம். இரண்டுமே தவறான பாடம். முதல் பிள்ளை, தன் பயத்தை மறைக்கக் கற்றுக்கொள்கிறது. இரண்டாவது பிள்ளை, தன்னிடம் வீரம் கிடையாது என்று நம்பிவிடுகிறது. மார்க்கம் இந்த இரண்டு பாடத்தையும் நமக்குக் கற்றுத்தரவில்லை.

பயம் ஈமானின் குறையா?

குர்ஆனில் அதிகமான இடங்களில் பெயர் சொல்லப்படும் நபி மூஸா (அலை) அவர்கள். அவர்களுடைய வரலாற்றைப் பயம் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள். குழந்தையாக இருக்கும்போதே அவர்களுடைய தாயாருக்குப் பயம். வாலிபத்தில் ஊரைவிட்டுப் புறப்படும்போது, யாராவது பின்னால் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே பயத்துடன் வெளியேறினார்கள். கைத்தடி பாம்பாக நெளிந்தபோது திரும்பிப் பார்க்காமல் ஓடினார்கள். ஃபிர்அவ்னிடம் போகச் சொல்லி அல்லாஹ் கட்டளையிட்டபோது, அவன் எங்கள் மீது வரம்பு மீறிவிடுவானோ என்று அஞ்சுகிறோம் என மூஸாவும் ஹாரூனும் (அலை) மனந்திறந்து சொன்னார்கள். சூனியக்காரர்கள் கயிறுகளை எறிந்த மைதானத்திலும் அவர்களுடைய மனதுக்குள் ஒரு பயம் எழுந்ததாக அல்லாஹ்வே சொல்லிக்காட்டுகிறான்.

கவனியுங்கள். இத்தனை இடத்திலும் அல்லாஹ் ஒரு தடவைகூட, நபியாக இருந்துகொண்டு பயப்படுகிறாயா என்று கண்டிக்கவில்லை. பயப்படாதே, நான் உன்னோடு இருக்கிறேன், கேட்டுக்கொண்டும் பார்த்துக்கொண்டும் இருக்கிறேன் என்ற ஆறுதலைக் கொடுத்தான். அதோடு, போ என்ற கட்டளையையும் அவன் திரும்பப் பெறவில்லை. ஆறுதலும் உண்டு, கடமையும் உண்டு. மூஸா (அலை) அவர்களும் பயத்தோடு போனார்கள். ஆனால் போனார்கள்.

அகழ்ப்போரில் நின்ற ஸஹாபாக்களின் நிலையையும் குர்ஆன் மறைக்கவில்லை. பார்வைகள் நிலைகுத்தின, இதயங்கள் தொண்டைக்குழிக்கு வந்துவிட்டன என்று அது சொல்கிறது. ஆகவே பயம் என்பது மனிதனின் இயற்கை. பசி மாதிரி, தூக்கம் மாதிரி. பசிக்காகத் திருடுவது பாவமே தவிர, பசிப்பது பாவமில்லை. அதுபோல, பயத்துக்காகக் கடமையை விட்டு ஓடுவதுதான் குற்றம்.

நற்குணங்களைப் பற்றி எழுதிய இமாம்கள் இதை அழகாக வகுத்தார்கள். ஒரு பக்கம் ஜுப்ன், அதாவது கோழைத்தனம். இன்னொரு பக்கம் தஹவ்வுர், அதாவது யோசிக்காமல் ஆபத்தில் பாயும் முரட்டுத்தனம். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் ஷஜாஅத் என்னும் வீரம். ஹெல்மெட் இல்லாமல் மூன்று பேராக ஒரே பைக்கில் தேசிய நெடுஞ்சாலையில் பறக்கும் வாலிபனுக்குப் பயம் இல்லைதான். ஆனால் இமாம்களின் கணக்கில் அவன் வீரன் இல்லை, முரடன்.

இதையெல்லாம் ஒரே வாழ்க்கையில் பார்க்க வேண்டுமென்றால், ஒரு பெண்ணின் வரலாற்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அவருடைய பெயர் நூருன்னிஸா இனாயத் கான். நூர் இனாயத் கான் என்று உலகம் அழைக்கிறது.

திப்பு சுல்தானின் வழித்தோன்றல்

நம்முடைய கொங்கு நாடு ஒரு காலத்தில் மைசூர் ஆட்சியின் கீழ் இருந்தது உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் இருக்கும் தாராபுரம் கோட்டை மைசூர்ப் படைக்கும் ஆங்கிலேயருக்கும் இடையே மாறி மாறிக் கைமாறியது. 1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு சுல்தான் ஷஹீதானார். அதன் பிறகு இந்தப் பகுதி முழுக்கக் கம்பெனியின் கைக்குப் போனது. அந்தத் திப்புவின் வழிவந்த பெண் ஒருவரைப் பரோடா சமஸ்தானத்தின் புகழ்பெற்ற இசைக் கலைஞர் மௌலா பக்ஷ் மணந்தார் என்பது அந்தக் குடும்பத்தின் வழிவழிச் செய்தி. மௌலா பக்ஷின் பேரர் ஹஸ்ரத் இனாயத் கான். அவர் 1882இல் பரோடாவில் பிறந்து, பிற்காலத்தில் மேலை நாடுகளுக்குச் சென்று சூஃபி வழியைப் போதித்தவர். அவருடைய மூத்த மகள்தான் நூர். அந்தக் குடும்பத்தின் இசை ஈடுபாட்டிலும் கொள்கையிலும் நமக்கு உடன்பாடில்லாத விஷயங்கள் இருக்கலாம். அது இன்றைய பேச்சு இல்லை. அவரவர் உள்ளத்தில் இருப்பதை அல்லாஹ் அறிவான். அந்தப் பெண் செய்த காரியத்தைத்தான் இன்று பார்க்கிறோம்.

நூர் 1914 ஜனவரி 1ஆம் நாள் ரஷ்யாவின் மாஸ்கோவில் பிறந்தார். தாயார் அமெரிக்கர். திருமணத்துக்குப் பிறகு அமீனா பேகம் என்று பெயர் பெற்றவர். முதல் உலகப்போர்க் காலத்தில் குடும்பம் லண்டனில் இருந்தது. 1920இல் பிரான்ஸுக்குப் போனார்கள். பாரிஸ் நகரத்தை ஒட்டிய சுரேன் என்ற ஊரில் அவர்களுக்கு ஒரு வீடு அமைந்தது. அதற்கு ஃபஸல் மன்ஸில் என்று பெயர் வைத்தார்கள். நூருக்குப் பின்னால் இரண்டு தம்பிகள், ஒரு தங்கை.

1927இல் தகப்பனார் டெல்லியில் வஃபாத்தானார். அப்போது நூருக்கு 13 வயது. தாயார் துக்கத்தில் அறைக்குள் முடங்கிவிட்டார். தம்பி தங்கையைப் பார்ப்பது, வீட்டைக் கவனிப்பது எல்லாம் அந்தச் சிறுமியின் தலையில் விழுந்தது. நம் வீடுகளிலும் இப்படிப்பட்ட மூத்த பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள் அல்லவா? அப்பா இல்லாத வீட்டில், படித்துக்கொண்டே சமைத்து, தம்பியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தானும் ஓடும் பிள்ளைகள். அவர்களை யாரும் வீராங்கனை என்று சொல்வதில்லை. நூரின் வீரத்தின் முதல் பயிற்சி அந்த வீட்டில்தான் நடந்தது.

அவர் கூச்ச சுபாவம் உள்ளவர், மெல்லிய குரல் உடையவர். பாரிஸில் குழந்தைகளின் உளவியல் படித்தார். குழந்தைகளுக்குக் கதை எழுதினார். பத்திரிகையில் வந்தன, பாரிஸ் வானொலியிலும் ஒலிபரப்பானது. புத்தரின் முற்பிறவிக் கதைகள் இருபதைக் குழந்தைகளுக்காக மீண்டும் எழுதிய அவருடைய நூல் 1939இல் லண்டனில் வெளியானது. அதே ஆண்டு இரண்டாம் உலகப்போர் தொடங்கியது.

ஓடிவந்தவர் திரும்பிப் போகிறார்

1940 ஜூனில் ஜெர்மனியின் நாஜிப் படை பாரிஸுக்குள் நுழைந்தது. நூரின் குடும்பம் கூட்டத்தோடு கூட்டமாகத் தெற்கே ஓடி, கப்பலேறி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. அவர்கள் தப்பித்துவிட்டார்கள். அத்தோடு கதை முடிந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் நூரும் தம்பி விலாயத்தும் யோசித்தார்கள். ஒரு இனத்தையே அழிக்கத் துடிக்கும் அநியாயம் நடக்கும்போது, பாதுகாப்பான ஊரில் இருந்துகொண்டு அமைதியைப் பற்றிப் பேசுவது சரியா? யாரையும் கொல்வதில் அவர்களுக்கு விருப்பமில்லை. கொல்லாமலே, ஆபத்து அதிகமாக உள்ள வேலை எதுவோ அதைக் கேட்டு வாங்கிக்கொள்வோம் என்று முடிவு செய்தார்கள். 1940 நவம்பரில் நூர் விமானப்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்தார். நோரா பேக்கர் என்ற பெயரில் வயர்லெஸ் இயக்கப் பயிற்சி பெற்றார்.

இங்கே உங்களுக்கு ஒரு கேள்வி எழும். திப்புவைக் கொன்ற ஆங்கிலேயருக்காக, திப்புவின் வாரிசு வேலை செய்யலாமா? அந்தக் கேள்வியை அவரிடமே கேட்டார்கள். பதவி உயர்வுக்கான நேர்முகத்தில், இந்தியாவின் விடுதலையைப் பற்றி அதிகாரிகள் கேட்டபோது, போர் நடக்கும்வரை உங்களோடு நிற்பேன், போர் முடிந்தபின் இந்தியாவின் விடுதலைக்காக நிற்பேன் என்ற கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிட்டார். பதவி கொடுக்கும் ஆளின் முகத்துக்கு நேராக, அவருக்குப் பிடிக்காததைச் சொல்வது எவ்வளவு கடினம் என்று வேலைக்குப் போகிற உங்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

1942 நவம்பரில் இன்னொரு நேர்முகம். எதிரி பிடித்து வைத்திருக்கும் நாடுகளில் இரகசியமாக வேலை செய்யும் எஸ்.ஓ.இ. என்ற அமைப்பு அவரைக் கூப்பிட்டது. பிரெஞ்சு மொழி தாய்மொழி போல் பேசுகிறார், வயர்லெஸ் தெரியும். பிரான்ஸுக்குப் போக வேண்டும். சீருடை இல்லாமல் போவதால் பிடிபட்டால் போர்க்கைதிக்கு உரிய பாதுகாப்பு கிடையாது. கெஸ்டபோ எனும் இரகசியப் போலீசின் விசாரணை இருக்கும். திரும்பி வராமலே போகலாம். எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார்கள். அவர் ஒத்துக்கொண்டார்.

நடுங்கிய கைகள்

சகோதரர்களே, இங்கேதான் நம் பேச்சின் மையம் இருக்கிறது.

பயிற்சியில் நூர் எப்படி இருந்தார் என்று நினைக்கிறீர்கள்? சினிமாவில் வருவது போலத் துப்பாக்கியைச் சுழற்றினாரா? இல்லை. ஆயுதத்தைக் கண்டால் பயந்தார். குதிப்பதில் தடுமாறினார். பொய் சொல்லி நடிப்பது அவருக்கு வரவே இல்லை. இரட்டை வேடம் போடும் வேலை தனக்குப் பிடிக்காது என்று பயிற்சியாளரிடமே சொன்னார்.

பயிற்சியின் ஒரு பகுதியாகப் போலியான விசாரணை நடக்கும். முகத்தில் பளிச்சென்ற விளக்கு, எதிரே கெஸ்டபோ மாதிரி அதட்டல், மிரட்டல். அது நாடகம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் நடுங்கிப்போனார். குரல் வெளியே வரவில்லை. வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கே தாங்கவில்லை. இவர் இந்த வேலைக்குத் தகுதியில்லாதவர், உணர்ச்சிவசப்படுபவர் என்று பயிற்சி அறிக்கை எழுதப்பட்டது. பிரிவின் தலைவர் பக்மாஸ்டர் அந்த அறிக்கையை ஏற்கவில்லை.

புறப்படும் முன்பு வீரா அட்கின்ஸ் என்ற பெண் அதிகாரி அவரைத் தனியாக அழைத்துப் பேசினார். இப்போதுகூட வேண்டாம் என்று சொல்லலாம், யாரும் இழிவாக நினைக்க மாட்டார்கள் என்று கதவைத் திறந்து வைத்தார். நூர் அந்தக் கதவு வழியாகப் போகவில்லை. அவருடைய கவலையெல்லாம் தாயாரைப் பற்றியே இருந்தது. தான் இறந்தது உறுதியாகத் தெரிந்தால் தவிர, அம்மாவுக்குக் கெட்ட செய்தி எதுவும் அனுப்ப வேண்டாம் என்ற ஒரு வேண்டுகோளை வைத்தார்.

போலி விசாரணைக்கே நடுங்கியவர், உண்மையான விசாரணை காத்திருக்கும் ஊருக்குப் போகிறார். தன் பயத்தின் அளவு என்ன என்று அவருக்கு முழுக்கத் தெரியும். தெரிந்துகொண்டே போகிறார். பயமே தெரியாதவன் போவதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

பாரிஸில் தனி ஆளாக

1943 ஜூன் 16ஆம் நாள் இரவு, நிலா வெளிச்சத்தில் ஒரு சிறிய விமானம் அவரைப் பிரான்ஸில் ஒரு வயலில் இறக்கிவிட்டது. பிரான்ஸுக்கு அனுப்பப்பட்ட முதல் பெண் வயர்லெஸ் இயக்குநர் அவர். இரகசியப் பெயர் மதலேன். அந்தக் காலத்தில் அங்கே ஒரு வயர்லெஸ் ஆள் சுமார் ஆறு வாரம் பிடிபடாமல் இருந்தாலே பெரிது என்பது கணக்கு. செய்தி அனுப்ப நீளமான ஏரியல் கம்பியைக் கட்ட வேண்டும். அலைகளை மோப்பம் பிடிக்கும் ஜெர்மன் வண்டிகள் தெருத்தெருவாகச் சுற்றும். ஒரே இடத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இருந்தால் வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

வந்து இறங்கிய நாட்களில் சின்னச் சின்னத் தவறுகள் செய்தார். இங்கிலாந்துக்காரர்கள் போலக் கோப்பையில் முதலில் பாலை ஊற்றினார், கூட இருந்தவர்கள் எச்சரித்தார்கள். பத்து நாட்களுக்குள் பேரிடி விழுந்தது. அவர் சேர வந்த பெரிய இரகசியக் குழுவை ஜெர்மானியர் பிடித்துவிட்டார்கள். தலைவர் போனார், வயர்லெஸ் ஆள் போனார், கைது மேல் கைது. லண்டனிலிருந்து, திரும்பி வந்துவிடு, விமானம் அனுப்புகிறோம் என்று செய்தி வந்தது.

நூர் மறுத்துவிட்டார். நான் வந்துவிட்டால் பாரிஸிலிருந்து லண்டனுக்குப் பேச ஒரு ஆள்கூட இருக்காது, எனக்குப் பதில் ஆள் வரட்டும் என்பது அவருடைய நிலை. ஆறு வாரம் என்ற கணக்கைத் தாண்டி, ஏறக்குறைய நான்கு மாதம், ஆறேழு பேர் பார்க்க வேண்டிய வேலையைத் தனியாகப் பார்த்தார். தலைமுடிக்குச் சாயம் மாற்றினார், வீடு மாற்றினார், வயர்லெஸ் பெட்டியைச் சூட்கேஸில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தார். ஒருமுறை மெட்ரோ ரயிலில் ஜெர்மன் சிப்பாய்கள் பெட்டியில் என்ன என்று கேட்டதாகவும், சினிமா கருவி என்று சொல்லித் திறந்து காட்டியதாகவும், அவர்களும் நம்பிவிட்டதாகவும் சொல்லப்படுகிறது. பயிற்சியில் குரல் வராத அதே பெண்தான். பயம் போய்விட்டதா? போயிருக்காது. ஆனால் தன்னை நம்பிப் பலருடைய உயிர் இருக்கிறது என்ற பொறுப்பு அந்தப் பயத்தைவிடப் பெரிதாகிவிட்டது.

இதை மனதில் எழுதிக்கொள்ளுங்கள். சிறிய பயத்தைப் போக்க ஒரே வழி, அதைவிடப் பெரிய ஒன்று உள்ளத்தில் குடியேறுவது. ஒரு கோழியைப் பாருங்கள். மனிதன் கிட்டே போனால் ஓடும். அதே கோழி குஞ்சு பொரித்திருந்தால் பருந்தை எதிர்த்துப் பாயும். கோழியின் பயம் மாறவில்லை. அன்பு பெரிதாகிவிட்டது. முஃமினுக்கு அந்தப் பெரிய ஒன்று எது? அல்லாஹ்வின் மீதுள்ள அச்சமும் அன்பும், நாளை மறுமையில் அவன் முன்னால் நிற்க வேண்டும் என்ற பொறுப்பும். அந்த ஒரு அச்சம் உள்ளே வந்தால் மற்ற அச்சங்கள் தம் இடத்தைத் தெரிந்துகொள்ளும்.

பொய் வாக்குக் கொடுக்காதவர்

1943 அக்டோபர் நடுவில், இங்கிலாந்து திரும்ப ஏற்பாடு நடந்துகொண்டிருந்த நேரத்தில், பணத்துக்காகக் காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்டார். பிடிக்க வந்தவனின் கையை இரத்தம் வரக் கடித்தார். பாரிஸில் எஸ்.டி. எனும் நாஜி உளவுத்துறையின் தலைமையகமான அவென்யூ ஃபோஷ் 84ஆம் எண் கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள். போன உடனே குளிக்க வேண்டும், பெண் நான், கதவை முழுதாகச் சாத்த வேண்டும் என்று வற்புறுத்தி, குளியலறை ஜன்னல் வழியாக அடுத்த நிமிடமே கூரை விளிம்பில் இறங்கிவிட்டார். பார்த்துவிட்டார்கள், திரும்பக் கொண்டுவந்தார்கள்.

நவம்பரில் பக்கத்து அறைக் கைதிகள் இருவரோடு சேர்ந்து, கூரை வெளிச்சத் துவாரத்தின் கம்பிகளைக் கழற்றி இரண்டாம் முறை தப்பினார். கூரைக்கு வந்த நேரம் பார்த்து விமானத் தாக்குதல் சங்கு ஊதியது. கைதிகளை எண்ணிப் பார்த்தவர்கள், ஆளைக் காணோம் என்று சுற்றி வளைத்துவிட்டார்கள்.

அப்போது அதிகாரி ஒரு தாளை நீட்டினார். இனி தப்பிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தால் இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் ஜெர்மனிச் சிறை. எதிரிக்குக் கொடுக்கும் வாக்குதானே, எழுதிக் கொடுத்துவிட்டு வாய்ப்பு வரும்போது ஓடலாம் என்று எத்தனையோ பேர் நினைத்திருப்பார்கள். நூர் மறுத்தார். தப்பிக்க முயல்வேன் என்பதுதான் உண்மை. உண்மைக்கு மாறாக அவரால் கையெழுத்துப் போட முடியவில்லை.

பொய் சொல்ல வராது என்று பயிற்சியில் எதை அவருடைய குறையாக எழுதினார்களோ, அதுதான் கடைசியில் அவருடைய பலமாக நின்றது. விசாரணைகளில் தன் தோழர்களைப் பற்றி அவர் எதையும் சொல்லவில்லை என்று அவரைச் சிறைப்பிடித்த அதிகாரிகளே போருக்குப் பின் ஒப்புக்கொண்டார்கள். அவர் இறந்த செய்தியைச் சொன்னபோது அந்த அதிகாரி அழுதார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அனுப்பிய செய்திகளை அவர் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அது எதிரியின் கையில் சிக்கியது. அதை வைத்து அவர் பெயரிலேயே லண்டனுக்குப் பொய்ச் செய்தி அனுப்பி, வந்து இறங்கிய சில ஆட்களைப் பிடித்தார்கள். உயிர்கள் போயின. வீரர் என்றால் தவறே செய்யாதவர் என்று நினைக்காதீர்கள். மனிதர்தான். வீரம் ஒருவரைத் தவறிலிருந்து காப்பாற்றும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. அதனால்தான் வீரத்தோடு எச்சரிக்கையும் ஆலோசனையும் வேண்டும் என்று மார்க்கம் சொல்கிறது.

சங்கிலியும் ஒரு பாத்திரமும்

1943 நவம்பர் கடைசியில் ஜெர்மனிக்குக் கொண்டுபோனார்கள். போர்ட்ஸ்ஹைம் என்ற ஊரின் சிறையில் தனி அறை. கையிலும் காலிலும் விலங்கு, இரண்டையும் இணைத்து ஒரு சங்கிலி. தானாகச் சாப்பிட முடியாது, தானாகச் சுத்தம் செய்துகொள்ள முடியாது. ஏறக்குறைய பத்து மாதம். பக்கத்து அறைகளில் பிரெஞ்சுப் பெண் கைதிகள் இருந்தார்கள். சாப்பாட்டுப் பாத்திரத்தின் அடியில் எழுத்துகளைக் கீறி, தான் யார், லண்டனில் தன் முகவரி எது என்று அவர்களுக்குத் தெரிவித்தார். ஒரு மனிதர் இருந்தார் என்பதற்கு அந்தப் பாத்திரம் சாட்சியானது.

1944 செப்டம்பரில் அவரையும் இன்னும் மூன்று பெண்களையும் டாஹௌ வதை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். 13ஆம் நாள் காலை சுட்டுக்கொன்றார்கள். அவருக்கு வயது 30. உடலை எரித்துவிட்டார்கள். நூருக்குக் கப்ர் கிடையாது.

போருக்குப் பின் பிரான்ஸ் அவருக்கு வீர விருது வழங்கியது. 1949 ஏப்ரலில் பிரிட்டன் ஜார்ஜ் சிலுவை என்ற உயரிய விருதை அறிவித்தது. 2012இல் லண்டன் கோர்டன் சதுக்கத்தில் அவருக்குச் சிலை திறந்தார்கள். இந்தப் பெண் தகுதியில்லாதவர் என்று அறிக்கை எழுதியவர்கள் யாரென்று இன்று பெரும்பாலோருக்குத் தெரியாது.

நமக்கு என்ன பாடம்?

சகோதரர்களே! நம்மில் யாரையும் விமானத்தில் ஏற்றி எதிரி நாட்டில் இறக்கப்போவதில்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு விசாரணை அறை உண்டு.

தறிக்கூடத்தில் உங்களோடு வேலை பார்க்கும் வெளிமாநிலத் தொழிலாளியின் கூலியைக் குறைத்துக் கணக்கு எழுதுகிறார்கள். உங்களுக்குத் தெரியும். சாட்சி சொன்னால் உங்கள் வேலைக்கு ஆபத்து. நெஞ்சு படபடக்கும். படபடக்கட்டும், அது பாவம் இல்லை. தெரிந்த உண்மையை மறைப்பதுதான் பாவம்.

மில் வேனில் போய்வரும் ஒரு பெண் பிள்ளை, தினமும் ஒருவன் தொந்தரவு செய்கிறான் என்று வீட்டில் சொல்லப் பயப்படுகிறாள். சொன்னால் வேலையை நிறுத்திவிடுவார்களோ, அல்லது தன்னையே குறை சொல்வார்களோ என்று அஞ்சுகிறாள். தகப்பன்மார்களே, அந்தப் பிள்ளை நடுங்கிக்கொண்டே வாய்திறக்கும் அந்த நொடிதான் வீரம். அதை நீங்கள் அதட்டலால் கொன்றுவிடாதீர்கள். மூஸா (அலை) அவர்களிடம் அல்லாஹ் நடந்துகொண்ட முறையைப் பாருங்கள். முதலில் ஆறுதல். நான் உன்னோடு இருக்கிறேன் என்ற சொல். அதை உங்கள் பிள்ளைக்கு நீங்கள் சொல்லியிருக்கிறீர்களா?

மகனுக்குப் பெண் பார்க்கும்போது, வரதட்சணை வேண்டாம் என்று சொல்ல உள்ளுக்குள் ஆசை. சொந்தக்காரர்கள் சிரிப்பார்களே என்று பயம். போர்க்களத்தில் நிற்கும் வீரனைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நாம், சாச்சாவும் மாமாவும் உட்கார்ந்திருக்கும் ஒரு கூடத்தில் ஒரு வாக்கியம் சொல்ல முடியாமல் திரும்பி வருகிறோம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழக்கமாகக் கேட்ட துஆ ஒன்று உண்டு. கவலை, துக்கம், இயலாமை, சோம்பல், கோழைத்தனம், கஞ்சத்தனம், கடனின் பாரம், மனிதர்களின் அடக்குமுறை ஆகியவற்றிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடினார்கள். கோழைத்தனத்தையும் கடன் பாரத்தையும் மனிதர்களின் அடக்குமுறையையும் ஒரே துஆவில் சேர்த்ததைக் கவனியுங்கள். கடன் கொடுத்தவன் முன்னால் மனிதனின் வாய் அடைத்துப்போகும். தேவைக்கு மேல் கடன் வாங்காமல் இருப்பதும் வீரத்தைக் காப்பாற்றும் ஒரு வழி. பயம் வராமல் இருக்க அவர்கள் கேட்கவில்லை. பயம் தங்களை ஆளாமல் இருக்கக் கேட்டார்கள்.

ஒரு இரவு மதீனாவில் பெரிய சத்தம் கேட்டு மக்கள் திடுக்கிட்டு வெளியே வந்தார்கள். அவர்கள் போகும்போதே, சேணம் இல்லாத குதிரையில் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு நபி (ஸல்) அவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். பயப்பட வேண்டாம் என்று மக்களுக்கு ஆறுதல் சொன்னார்கள். பயந்து வெளியே வந்த யாரையும் கேலி செய்யவில்லை.

ஆகவே இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். பயத்தினால் நீங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கும் கடமை எது என்று உங்களையே கேளுங்கள். சொல்ல வேண்டிய உண்மையா, கேட்க வேண்டிய மன்னிப்பா, திருப்பித் தர வேண்டிய அமானிதமா, மறுக்க வேண்டிய கையெழுத்தா? பயம் போகும்வரை காத்திருக்காதீர்கள். அது போகாமலே இருக்கலாம். இரண்டு ரக்அத் தொழுது, அல்லாஹ்விடம் சொல்லிவிட்டு, பயத்தையும் கூட்டிக்கொண்டே போய் அந்தக் காரியத்தைச் செய்துவிடுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் உள்ளங்களில் உன்னுடைய அச்சத்தைப் பெரிதாக்கி, படைப்புகளின் அச்சத்தைச் சிறிதாக்குவாயாக. கோழைத்தனத்திலிருந்தும் முரட்டுத்தனத்திலிருந்தும் எங்களையும் எங்கள் பிள்ளைகளையும் காப்பாயாக. உலகில் அநியாயமாகச் சிறையிலும் சங்கிலியிலும் இருக்கும் ஒவ்வொருவருக்கும் நீ துணையிருப்பாயாக. நடுங்கும் கைகளோடு உண்மையின் பக்கம் நிற்பவர்களுக்கு உறுதியைத் தருவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.